கயிறு படித்த நாய்

ஃபிராங்க்ளின் மாமா பேச்சில் மகா கஞ்சன். இருபது வருஷம் சங்கு குளித்தவர். வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு கடலுக்கடியில் யாரிடம் என்ன பேச? இடுப்புக் கயிற்றை ஒருதரம் இழுத்தால் 'தளர்த்து', இரண்டுதரம் இழுத்தால் 'தூக்கு'. படகில் இருப்பவனுக்கு அது போதும். போன வருஷம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. நெஞ்சிலும் பலமில்லை. திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் அதன்பிறகு கட்டிலே கதி.

அவர் மனைவி பிலோமி அத்தை விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போனால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவாள். ஒருநாள் மாமா கட்டிலிலிருந்து விழுந்து, அவள் வரும்வரை தரையிலேயே கிடந்தார். கூப்பிட்டிருக்கிறார். குரல் வாசலைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகுதான் சுக்கானைப் பழக்க ஆரம்பித்தார். தெருநாய். வால் படகுச் சுக்கான்போல ஒருபக்கமாகத் திரும்பியிருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர். அதன் கழுத்தில் ஒரு கயிறு, மறுமுனை மாமாவின் மணிக்கட்டில். உப்புப் போக அலசிய நெத்திலிக் கருவாட்டை அதன் மூக்குக்கு மேலே உயர்த்துவார். அண்ணாந்து பார்த்த நாய் தானாகப் பின்னங்காலை மடக்கும். அந்த நொடியில் கயிற்றில் ஒரு இழுப்பு, "சபாஷ்லே ராசா", வாயில் நெத்திலி. கொஞ்சம் பிந்தினாலும் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காதாம். இரண்டு இழுப்புக்குப் பக்கத்தில் வரும். மூன்றுக்குக் குரைக்கும். இந்த மூன்றாவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மூன்றே மாதத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் எவனும் படிக்காத வேகத்தில், அது படித்துவிட்டது. இரண்டுமுறை மாமா விழுந்தபோது அது குரைத்த குரைப்பில் தெருவே ஓடி வந்தது.

கயிறில்லாத நேரத்தில் மட்டும் அது பழைய திருடன். பக்கத்துவீட்டு ரீனா அக்கா காயப்போட்ட நெத்திலியை வாரம் மூன்றுமுறை காலிசெய்தது. விரட்டப்போன அவள் மகனின் காலைக் கவ்வியும் விட்டது. ஊசி போட வேண்டியதாயிற்று. தெருக் கமிட்டித் தலைவர் அற்புதமணி அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்தார்.

"சொன்ன பேச்சு கேக்குமால?"

"கேக்கும் அண்ணாச்சி."

மாமா கயிற்றை இழுத்தார். சுக்கான் உட்கார்ந்தது.

"கயித்த இழுத்தா கழுதையும்தான் உக்காரும். அவுத்துவிட்டுட்டுச் சொல்லு. கேட்டா இருக்கட்டும், கேக்கலன்னா உப்பளத்துல கொண்டு விட்ருவேன்."

மாமா கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். "உக்காரு" என்றார்.

சுக்கான் அவர் வாயைப் பார்த்தது.

"உக்காருலே... இங்கன வா..."

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. உட்காரு, வா என்ற வார்த்தைகளை மனுஷன் அதற்கு ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் கயிறுதான். சுக்கான் மெதுவாக நடந்துபோய் ரீனா அக்கா நெத்திலி காயப்போட்டிருந்த வலையில் வாயை வைத்தது. நாய்க்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான் என்று மாமாவுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, அதைச் சொல்லியாவது கூப்பிடலாம் என்று,

"சபாஷ்லே ராசா!" என்றார்.

சுக்கான் வாய் நிறைய நெத்திலியோடு வாலை ஆட்டியது. இன்னும் ஒரு வாய் எடுத்தது.

"களவாங்கதுக்கு சபாஷ் வேறயா!" என்றாள் ரீனா அக்கா. தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திங்கட்கிழமை லோடு ஆட்டோவில் அதை ஏற்றினார்கள். அதுவும் நெத்திலியைக் காட்டித்தான். நல்ல தண்ணீர் கிடைக்காத இடம் உப்பளம். நாங்கள் மூன்றுபேர் சைக்கிளில் இரண்டு நாள் தேடினோம். ஏகப்பட்ட நாய்கள் வந்தன, அது வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமா மறுபடி விழுந்தார். பிலோமி அத்தை வந்து பார்த்தபோது தோள் எலும்பு முறிந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். பெரியாஸ்பத்திரியில் ஞாயிறு காலை முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு வந்த ரீனா அக்கா, பிலோமி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏளா, அன்னைக்குச் சத்தம் கேட்டுதுளா. செவுரு பக்கத்துல லேசா முனங்குன மாதிரி. நாய நெனச்சு அழுதாருன்னுல நெனச்சேன்... அழட்டும்னு விட்டுட்டேன்."

அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை.