மாரிசெல்வியின் 79.6

எனக்கு வயிறு எரியுது, அதான் சொல்றேன். மாரிசெல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. ஒரகடத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே லைன். நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி, பர்மனென்ட். அவ டிரெய்னி, ஹாஸ்டல்ல தங்கிக்கினு கீறா. டிரெய்னிங் முடியறப்ப எண்பது மார்க் இருந்தா பர்மனென்ட். இல்லாட்டி பொட்டியைக் கட்டிக்கினு ஊருக்குப் போவ வேண்டியதுதான். அரை மார்க்குக்கு மேல இருந்தா முழு மார்க்குன்னு நோட்டீஸ் போர்டுலயே போட்டுக்கீது.

அவ வேலை இரும்புத் தண்டை கேஜ்ல வெச்சு அளக்குறது. பச்சை லைட் எரிஞ்சா பாஸ். தண்டோட கனம் 25.01 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்கிரீன்ல புள்ளிக்கப்புறம் மூணு இலக்கம் ஒழுங்காத்தான் வந்துக்கினு இருந்துது. கஸ்டமர் பாக்க வர்றாங்க, நம்பர் நீளமா அசிங்கமா கீதுன்னு சூப்பர்வைசர் நடேசன் சொன்னாரு. சாஃப்ட்வேர் பாக்குற லோகேஷ் மூணாவது இலக்கத்தை வெட்டிட்டான். பார்வைக்கு மட்டும் வெட்டிருந்தா போவுதுன்னு வுடலாம். அந்த லைட்டும் வெட்டின நம்பரைத்தான் படிச்சுது! 25.018 வந்தாலும் 25.01னு பச்சை எரிஞ்சுது. இவ இன்னா பண்ணுவா? பாஸ் போட்டா.

தண்டு பெருசா கீது, பேரிங்ல ஏறலன்னு அனுப்பின லாட் மொத்தமா திரும்பி வந்துச்சு. கஸ்டமர் போன்ல கத்துன கத்துல அன்னிக்கே மூணு இலக்கத்தைத் திரும்பப் போட்டாங்க. ஆனா பாஸ் போட்டது இவதான்னு இவ மார்க்கைக் கொறைச்சது கொறைச்சதுதான். கொறைச்சும் 79.6 இருந்துது. சரி, எண்பதுதானேன்னு நானும் நிம்மதியா இருந்தேன்.

ரிசல்ட் அன்னிக்கு ஸ்கிரீன்ல 79. "தகுதி இல்லை"ன்னு சிவப்புல போட்டுக்கீது. அந்த மார்க் சாஃப்ட்வேரையும் எழுதினவன் அதே லோகேஷ்.

"இன்னாடா தம்பி, மார்க்லயும் வாலை வெட்டிட்டியா?"

"தப்புதான்க்கா. ஒரே வரிதான், மாத்திடுவேன். ஹெச்.ஆர். சொல்லணுமே."

ஹெச்.ஆர். மரகதம் மேடம் தலையைக்கூட நிமிர்த்தல. "லிஸ்ட் ஹெட் ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. அடுத்த பேட்ச்சுல சரி பண்ணிடலாம்."

"அடுத்த பேட்ச்சுல இவ எங்க மேடம் இருப்பா?"

"விடுங்கக்கா, என்ன செய்ய"ன்னு மாரிசெல்வி என் கையைப் புடிச்சு இழுத்தா.

"நீ சும்மா இருடி!" அழுகையா வந்துச்சு எனக்கு.

இரும்புக்கு ஒரு கஸ்டமர் கீறான், கத்தினான், அன்னிக்கே சரியாச்சு. இவளுக்காக நானும் ஹெச்.ஆர். ஆபீஸ்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். நான் யாரு, கஸ்டமரா?