முடியாது என்று சொன்ன அன்று

இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வேலை சொல்லும்போது இவர்கள் கேட்கும் கேள்விதான் இன்னும் பழகவில்லை. "ஆர் யூ ஹேப்பி டு டூ தட்?" என்பார்கள். ஒரு முதியவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று முதல் வாரம் விழித்தேன். "யெஸ், வெரி ஹேப்பி" என்று சிரித்து வேறு வைத்தேன். உனக்கு இது தெரியுமா, தெரியாதென்றால் இப்போதே சொல்லிவிடு என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. சரி என்றாலும் விடமாட்டார்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த நான், இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான தேர்வு முடியும்வரை உதவியாளர். என்னைவிடப் பத்து வயது சிறிய நர்ஸ் சொல்வாள், நான் பள்ளிப் பிள்ளைபோல் ஒப்பிப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை வார்டில் ஆள் குறைவு. ஒரு நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டும். எம்மா என்ற நர்ஸ் ஓட்டமும் நடையுமாக வந்து, "ஜெசி, ஊரில் நீ நர்ஸ்தானே? அவருக்குக் கொடுத்துவிடுகிறாயா? ஆர் யூ ஹேப்பி?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் இந்த ஊரில் அதற்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுத்துக் கையெழுத்துப் போடவில்லை. ஏதாவது ஆனால் அவர் உயிரும் போகும், எனக்கு வரவேண்டிய பதிவும் போகும். "நோ" என்றேன். திட்டுவாள் என்று காத்து நின்றேன். "சொன்னதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அவளே போய்க் கொடுத்தாள். அவ்வளவுதான். எனக்கு நிம்மதி வரவில்லை. படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே பழனியம்மாள் அக்காவை நினைத்தேன்.

அக்கா என் திண்டுக்கல் வார்டில் ஆயா. ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எதைச் சொன்னாலும் ஒரே பதில், சரிங்க சிஸ்டர். ஒரு மதியம் அட்மிஷன்மேல் அட்மிஷன். பக்கவாதத்தில் கிடந்த ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டு நேரம். வாசலில் நின்றபடியே, "அக்கா, அந்த ஐயாவுக்குக் குழாய்ல கஞ்சிய விட்டுருங்க" என்றேன். தினமும் நான் செய்வதைப் பார்க்கிறவர், தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். அப்படிச் சொல்வதுகூடப் பொய். நான் எதையும் நினைக்கவில்லை. அக்கா தலைமாட்டை உயர்த்தாமல், படுத்தவாக்கிலேயே விட்டிருக்கிறார். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்? கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டது. நாலாம் நாள் பெரியவர் இறந்தார். நிர்வாகத்தில் கூப்பிட்டு, யார் கொடுத்தது என்று கேட்டார்கள். "நாந்தாங்க" என்றார் அக்கா. யார் சொல்லிச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அதே வார்டில் இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிற நர்ஸ் தோழிகளிடம் அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், அவருக்கு அது தெரியுமா என்று பார்க்கிற பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்று இங்கே வகுப்பில் சொன்னபோதுகூட, மற்றவர்களைப் போல நானும் பேசாமல் எழுதிக்கொண்டேன்.

விடுமுறை நாளில், பழைய தோழி ஒருத்தியிடம் நம்பர் வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கட்டுகிறாராம். பின்னால் லாரிச் சத்தம்.

"சிஸ்டருங்களா? சீமைக்குப் போயிட்டீங்கன்னாங்க. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா. அன்னைக்கு அந்த ஐயாவுக்குக் கஞ்சி விடச் சொன்னேன்ல, அது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாதுங்க சிஸ்டர்."

"ஏன்க்கா சொல்லல?"

"உங்ககிட்டப் போயி எப்புடிங்க மாட்டேங்கறது? நீங்களே அம்புட்டு அலைச்சல்ல இருந்தீங்க."

"நான்தான் செய்யச் சொன்னேன்னு அங்க சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னுட்டேன்க்கா."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. பிறகு, "அங்கயும் சிஸ்டர் வேலதானுங்களா?" என்றார்.

"இல்லக்கா. இங்க நான் ஆயா."

"அப்பப் பாத்துங்க. தெரியாதத ஆரு சொன்னாலும் செய்யாதீங்க. செத்த பக்கத்துல வந்து நில்லுங்கன்னு ஒரு வார்த்த கேட்டுருங்க சிஸ்டர். நான் கேக்காம விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்கான சட்டையை இஸ்திரி போட்டேன். நெஞ்சுப் பக்கம் உதவியாளர் என்று ஆங்கிலத்தில் தைத்திருக்கிறது. காதில் மட்டும் சிஸ்டர், சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்ப வேண்டும் என்று தெரியாமல், தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு நின்றேன்.