ஷாங்காயிலிருந்து வந்த இரண்டு பக்கங்கள்

எண்பது வயதைத் தாண்டிய என் அம்மாவிடம் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் தங்கலாம், குடியுரிமை கிடையாது. கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவளுக்கு இதுதான் மரியாதை. குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டு எத்தனை தடவை தானா ராத்தா பதிவு அலுவலகத்துக்கு அலைந்திருப்போம்.

எல்லாம் அவள் பிறப்புப் பத்திரத்தால் வந்த வினை. தாத்தா எங்கள் எஸ்டேட் துரையின் சமையல்காரர். துரைக்கு ஷாங்காயில் வேலை கிடைத்தபோது தாத்தாவையும் பாட்டியையும் கூடவே கூட்டிப் போனார். வெள்ளைக்காரர்களே நகராட்சி வைத்து ஆண்ட பகுதி அது. அம்மா அங்கே பிறந்ததாகப் பத்திரம் சொன்னது. கைக்குழந்தையோடு திரும்பி வந்தார்கள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அந்தப் பத்திரத்திலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டதால் விண்ணப்பம் நகரவே இல்லை.

“மூலப் பதிவோட நகல் கொண்டாங்க, பார்க்கலாம்லா” என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்த நகராட்சியின் பழைய ஏடுகளை வைத்திருக்கும் காப்பகத்துக்கு நான்தான் மின்னஞ்சல் அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

இரண்டு பக்கங்கள் வந்தன. முதலாவது பிறப்புப் பதிவு. இரண்டாவது அதே ஊரின் இடுகாட்டுப் பதிவு. அதே பெண் குழந்தை, அதே அம்மாவின் பேர், அதே தகப்பன். வயது எட்டு மாதம், காய்ச்சல்.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் குழந்தை செத்தால் அடுத்ததற்கும் அதே பேரை வைப்பார்கள். போனதே திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஷாங்காயில் செத்த மூத்த குழந்தையின் பேரோடு பத்திரத்தையும் சேர்த்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் தாத்தா. பேர் ஒன்றுதானே, புதிதாக எதற்கு எழுதணும் என்று இருந்திருப்பார். பாவி மனுஷன். அம்மா அவர்கள் திரும்பி வந்த பிறகு இந்த லயத்திலேயே பிறந்தவள். அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை, பார்த்தவர்களும் உயிரோடு இல்லை.

மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“அப்ப நான் இங்கதான் பொறந்தேனா?”

“ஆமாம்மா. மொத பக்கத்த மட்டும் குடுத்தா நீல ஐசி கெடைச்சிரும்லா. ரெண்டாவத யாரும் கேக்கப் போறதில்ல.”

அம்மா கைபேசியை வாங்கி இரண்டாவது பக்கத்தைப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது. பேர் எது என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன்.

“அவ பேர எடுத்துக்கிட்டேன், பேப்பர எடுத்துக்கிட்டேன். ஐசியும் அவ கணக்குல வாங்கணுமா? வேணாம் விடு.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்:

“எனக்குன்னு ஒரு பேரு யாருமே வைக்கலியாடா?”