கொடிக்கு நான் போட்ட தப்பு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம் நடந்தது இது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வீடு சேலம் சூரமங்கலத்தில். போக வர பஸ்ஸிலேயே தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கரைந்துவிடும். அதை வீணாக்குவானேன் என்று தேர்வுத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வருவேன். ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு வகுப்புத் தாள் முழுக்க முடிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மற்ற டீச்சர்கள் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து திருத்துவார்களே, எனக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அந்த வாரம் ஏழாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் முடித்து ஒரு சின்னத் தேர்வு வைத்திருந்தேன். ‘மின்கடத்திக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக’ என்று ஒரு கேள்வி. இரண்டு மதிப்பெண். புத்தகத்தில் செம்பு, அலுமினியம், இரும்பு என்று வரிசையாக இருக்கிறது, பார்த்து மனப்பாடம் செய்தால் போதும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் மட்டும், ‘1. செம்பு. 2. எங்க ஊட்டுக் கொடி’ என்று எழுதியிருந்தாள்.

அதற்குச் சற்று முன்னால்தான் அதே பஸ்ஸில் ஆறாம் வகுப்பின் தாவரப் பாடத் தாள்களைத் திருத்தி முடித்திருந்தேன். மரம், செடி, கொடி என்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக்கொடியில் மின்சாரம் ஓடும் என்கிறாளே இந்தப் பெண் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு தப்புப் போட்டேன். ஓரத்தில் ‘புத்தகத்தில் உள்ளதை எழுது’ என்றும் எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. மறுநாள் தாளைக் கொடுக்கும்போது அவளை எழுப்பி நிறுத்தினேன்.

“இவங்க ஊட்டுக் கொடியில கரண்டு பாயுதாம். அப்பப் பாகக்காயெல்லாம் பல்பா எரியுமா?”

வகுப்பே சிரித்தது. அவள், “இல்லீங்க டீச்சர், அது வந்துங்க...” என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் கையை ஆட்டி, “உக்காரு, உக்காரு. கொடியில எல்லாம் கரண்டு வராது” என்றேன். அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

பத்து நாள் கழித்து அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்குள் நுழையும்போதே தலைமை ஆசிரியை வாசலில் நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா சனிக்கிழமை காலையில் கரண்டு அடித்து இறந்துவிட்டார் என்றார். தறியில்தான் அடித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுவது எனக்குத் தெரியும். மதியம் இருவரும் துக்கம் கேட்கப் போனோம்.

வீட்டுக்கும் குளியலறைக்கும் நடுவே சேற்றில் ஒரு நீளக் கம்பி வெட்டிப் போடப்பட்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி ஒரு பழைய வயர். குளியலறை பல்புக்குப் போகிற வயரைத் தொங்காமல் இருப்பதற்காகக் கம்பியோடு பின்னிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் தலைமை ஆசிரியையிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரசி ஒரசி வயரு தோலு போயிருச்சுங்க. மழையில கொடி பூராக் கரண்டு எறங்கி இருக்குதுங்க. அது தெரியாம அந்தம்மா ஈரத்துணியப் போட்டிருக்குது.”

கொடி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் சேற்றில் கிடந்த கம்பியைத் திரும்பிப் பார்த்தேன். துணி காயப்போடுகிற கம்பியைக் கொடி என்று சொல்லாத வீடு இந்த ஊர்ப்பக்கம் உண்டா? என் வீட்டு மாடியில் தினமும் நானே கொடியில்தான் துணி போடுகிறேன். ‘மழ வருது, கொடியில இருக்கறத எடு’ என்று என் மகனைத் தினமும் விரட்டுகிறேன். ஆனால் கையில் சிவப்புப் பேனா இருந்தபோது, புத்தகத்துக் கொடி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் எழுதியது சரியான விடை. இரும்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும் என்று பாடம் நடத்தியவளே நான்தான்.

இதுவே எனக்கு ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தேன். இன்னும் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த விடையை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

“அம்மாதாங்க டீச்சர் உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கொடியத் தொட்டாச் சுருக்குங்குது, அதுல கரண்டு வருமான்னு. அப்பாகிட்டச் சொன்னா, ஈரக் கை மரத்திருக்கும், அதுக்காகத் தறிய நிறுத்தி மெயினு ஆப் பண்ணச் சொல்றயான்னு திட்டுனாரு. கரண்டு வரும்னு டீச்சரு சொன்னா அப்பா கேப்பாருன்னு அம்மா சொன்னாங்க.”

“என்னக் கேக்கலியே சாமி நீ?”

“பயமா இருந்துச்சுங்க. பரிச்சையில எழுதுனா நீங்களே சரியா தப்பான்னு போட்டுருவீங்கன்னு எழுதுனேன்.”

தாளை வீட்டில் காட்டியிருக்கிறாள். அதுவரை அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கொடியில் துணி போடுவாராம். டீச்சரே தப்பு என்று போட்டுவிட்டார், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றோடு செருப்புப் போடுவதை விட்டுவிட்டாராம். படித்தவள் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த வீடு அது.

“நீ எழுதுனது சரிதான் சாமி. நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்” என்று ஒருவழியாகச் சொன்னேன்.

“அப்பச் சரிதானுங்களா டீச்சர்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். “அப்பாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர், நான் அம்மாகிட்டத் தப்பாச் சொல்லிட்டேன்னு அடிப்பாரு” என்று மட்டும் கெஞ்சிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. பிள்ளை கெஞ்சினாள், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், அவள் அப்படிக் கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. தப்பு என்னுடையது, உங்கள் பெண்ணுடையது இல்லை என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயில்லாத புள்ளைங்க டீச்சர். உங்களாலதான் இந்த அளவுக்குப் படிச்சுது.”

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

பஸ்ஸில் திருத்துவதை அந்தப் பெண் என்னிடம் பேசிய நாளோடே நிறுத்திவிட்டேன். விடை விநோதமாக இருந்தால், தப்புப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் இப்படி எழுதினாய் என்று உட்கார வைத்துக் கேட்கிறேன். இவ்வளவு பொறுமையான டீச்சரைப் பார்த்ததில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.