குரூப்பில் போட்ட சமாதானம்

எங்கள் பள்ளியில் எது நடந்தாலும் போட்டோ எடுக்க வேண்டும். மரம் நட்டால் போட்டோ, மாத்திரை கொடுத்தால் போட்டோ, பிள்ளைகள் கை கழுவினால்கூடப் போட்டோ. போட்டோ இல்லாவிட்டால் அந்தக் காரியமே நடக்கவில்லை என்று அர்த்தம். எடுத்ததைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் எங்கள் தலைமையாசிரியர் சாப்பிட உட்காருவார். நல்ல மனிதர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன்.

நான் அங்கே அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். அந்த வகுப்பில் இரண்டு பெண்கள், ஆறாம் வகுப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஒருத்தியின் அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில் பிசிறு சீவும் வேலை. சாயந்திரம் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு அப்படியே வந்து மகளைக் கூட்டிப்போவார். இன்னொருத்தியின் அப்பா துபாயில், வீடு மங்கலம்பேட்டையில்.

ஒரு நாள் துபாய்க்காரர் மகள் விளையாட்டாகச் சொன்னாள்: "உங்கம்மா என்னாடி, பவுடர் டப்பாவுல வுழுந்து எழுந்தாப்ல வருது." வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குப் 'பவுடரு' என்றே பெயராகிவிட்டது. மகள் கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவால் தோழியின் வாயிலேயே ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பெற்றோரைக் கூப்பிடுவது வழக்கம். பெற்றோர் வந்தால் ஒரு சண்டை இரண்டு சண்டையாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மதிய இடைவேளையில் இருவரையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒருத்தி பேசும்போது மற்றவள் வாய் திறக்கக் கூடாது. அவள் முடித்ததும் தான் கேட்டதை இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தது. பயிற்சி முகாம்களில் டீயும் பிஸ்கட்டும் தவிர உருப்படியாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

அடித்தவள் முதலில் நிபந்தனை போட்டாள். "எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க மிஸ். தெரிஞ்சா அது தாங்காது."

தெரியாது என்றேன். அப்புறம் கொட்டித் தீர்த்தாள். வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியால் அம்மாவின் புருவத்தைத் துடைத்துவிடுவது அவள்தானாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு எந்தெந்தப் பொம்மை வந்தது, எதற்கு மூக்கு கோணல் என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். இதைத் திருப்பிச் சொல்ல வந்த தோழி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "இனிமே எவளாவது சொல்லட்டும், நானே அடிக்கிறேன்டி" என்று கிழிந்த உதட்டோடு அழுதாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட மதியம் வேறு இல்லை.

வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்துவிட்டு, "என்னம்மா விஷயம்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அழுத வேகத்தில் தோழி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். நான் அவர் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இத மட்டும் குரூப்ல போட வேணாம் சார்."

"நல்ல சேதிதானே டீச்சர்? எப்பப் பாத்தாலும் லீவு, பரீட்சைன்னே போட்டுக்கிட்டு இருக்கறோம். பேரன்ட்ஸு இதையும் பாக்கட்டும். பேரு போட மாட்டேன், போதுமா?"

சொன்னபடி பேரைப் போடவில்லை. முகத்தைப் போட்டார். 'தாயின் தொழிலைக் கேலி செய்ததால் மூண்ட சண்டையைத் தாங்களே பேசித் தீர்த்த நம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள்!' என்று கீழே எழுதியும் போட்டார். கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. பிறகு துபாயிலிருந்து ஒரு குரல் பதிவு: "எம் பொண்ணு வாயக் கிழிச்சிருக்கா, அதுக்குக் கைதட்டுறீங்களா?" அதற்கும் கீழே யாரோ ஒரு புண்ணியவதி, 'எந்த அம்மா, அந்தப் பவுடரா?' என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் வீடுகள் வரைக்கும் போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலைமையாசிரியர் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்தார். அதற்குள் பார்க்கக் கூடாதவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். மஞ்சள் பூசிக் குளித்து, கல்யாணம் காட்சிக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தார். நகக்கண்களைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மீட்டிங்குன்னா இனிமே போன்லயே சொல்லிடுங்க டீச்சர். நான் ஸ்கூலு பக்கம் வரல. என்னால எதுக்குங்க எம் புள்ளைக்குத் தலகுனிவு?"

"அப்படி இல்லம்மா, உங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"வேலைக்கு நேரமாவுது டீச்சர், போயிட்டு வரேன்." அந்தப் புடவையோடே கிளம்பிப் போனார்.

துபாயிலிருந்து வந்த ஒரே போனில் தோழி பி பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அடித்தவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் பிடித்து நிறுத்தி, அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன். "கம்பெனிக் குழாயிலயே தல கழுவிட்டுத்தான் வூட்டுக்கு வருது. என்னத் தொடவே வுடல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இந்த வேலையே வெறுத்துவிட்டது.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் வராண்டாவில் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டு, பழக்க தோஷத்தில், "ஆய்வகத்துக்கு வாங்க, பேசுவோம்" என்றேன். அன்று டப்பாவால் அடித்த என் வகுப்புப் பெண்ணும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பிள்ளைகளிடம் சொன்னாள்.

"இங்கயே அடிச்சிக்கங்கடி, பரவால்ல. உள்ள போயி மனசுல இருக்கறதச் சொல்லிடாதீங்க."

அந்த இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சொன்னது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. கிளாஸுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டேன்.