கண் மூடினால் செல்லாது

தெருவில் அவருக்கு வைத்த பெயர் ‘ஆடாதீங்க’. பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைக்காரர். இருபத்தாறு வருஷமாக ஒரே ஸ்டூல், ஒரே வெள்ளைத் திரை, ஒரே வசனம்: “நேரா பாருங்க, ஆடாதீங்க, கண்ண மூடாதீங்க.” கண் மூடினால் படம் செல்லாது, அழித்துவிட்டு அடுத்தது. உலகத்தில் இதைவிடத் தெளிவான தொழில் ஏது, சொல்லுங்கள்!

அந்தத் தெளிவைக் கெடுத்தவள் அவருடைய அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தவளுக்கு மறுநாளோடு ஓய்வு.

“நீ எடுத்த படத்துல எல்லாம் ஜெயிலுக்குப் போறவ மாதிரி இருக்கேன்டா. நான் செத்தா சுவத்துல எதை மாட்டுவே? நாளைக்கு வேலை செய்யறப்ப எனக்குத் தெரியாம ஒண்ணு எடு. விட்டா அவ்வளவுதான்.”

தெரியாமல் எடு என்று தெரியச் சொல்கிறாள்! மனுஷனுக்குத் தலை சுற்றியது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி உள்ளே போனார். கேமராவைத் தூக்கியதும் பழக்கதோஷத்தில் “ரெடியா?” என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் விறைத்து நின்றார்கள். அக்கா முறைத்தாள். சரி, சொல்லாமலே எடுப்போம் என்று துணிவண்டிக்குப் பின்னால் பதுங்கினார். யாரோ ஏதோ சொல்ல, அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அமுக்கிவிட்டார். அடடா, கண் திறந்த சிரிப்பு!

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

இஸ்திரி போடும் பெண் எதிரே நின்றாள். படத்தின் ஓரத்தில் அவளும் இருந்தாள், அழுத முகத்தைத் தோளில் துடைத்தபடி.

“ஓரத்தை வெட்டிடறேம்மா. எங்க அக்காவுக்காக...”

“வெட்டினாலும் முழுசு உங்ககிட்டதானே இருக்கும்? நான் அழுதது என் பாடு. அழிங்க.”

அழித்தால் அக்காவுக்குத் துரோகம், வைத்துக்கொண்டால் இவளுக்குத் துரோகம். கடைசியில் அழித்துவிட்டார்.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

“நல்லா வந்திருந்துச்சா?”

“வந்திருந்துச்சுக்கா.”

அவள் அடுத்த போர்வையை எடுத்தாள். வேலை முடிய அரைமணி நேரம்தான் இருந்தது. செய்தது சரியா தப்பா என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

அப்போது இஸ்திரிப் பெண் வந்து அக்காவின் போர்வைக்கு மறுமுனையைப் பிடித்தாள். “கேட்டதும் அழிச்சீங்கல்ல. இப்ப எடுங்க, என்னையும் சேர்த்தே எடுங்க.”

கேமராவைத் தூக்கினார். வாய் சும்மா இருக்குமா? “ஆடாதீங்...”

இரண்டு பேரும் போர்வையோடு சரிந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். விரல் தானாக அமுக்கியது.

படத்தைப் பார்த்தவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. “செல்லாதுக்கா. கண்ணு மூடியிருக்கு.”

வேலை முடிந்த மணி அடித்தது. அக்கா கேமராவைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இப்படிச் சிரிச்சா கண்ணு மூடத்தான்டா செய்யும். இதையே மாட்டு.”

மறுநாள் கடைக்கு முதலில் வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் எதற்கோ சிரித்துவிட்டார். படத்தில் கண் மூடியிருந்தது. அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் சிரித்ததை அழித்தோம் என்று அவருக்குக் கணக்கே தெரியவில்லை.

“இன்னொண்ணு எடுக்கணுமா?” என்றார் வந்தவர்.

“எடுக்கணும். ஆனா இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?”