டொமினிக்காவில் ஒரு முழு நாள்

நேற்று மகளோடு எங்கள் ஊர்ப்பக்கத்துப் பீடோங் பட்டணத்து டோபி கடைக்குப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். காசு போட்டால் இயந்திரமே துவைத்து உலர்த்திக் கொடுக்கும் கடை. உலர்த்தியின் கதவைத் திறந்ததும் சூடான பருத்தித் துணியின் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னப்பா, தன்னால சிரிக்கிறீங்க?"

"டொமினிக்கா ஞாபகம் வந்துடுச்சிம்மா."

"ஓ, அந்த ஹாலிடே கதையா லா?"

ஹாலிடேயாம்! உல்லாசக் கப்பலின் அடித்தட்டில், சன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்தவன் நான். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கூலிம் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் ஷிப்ட் பார்த்து, உலகத்தையே பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பியவன், பார்த்ததென்னவோ விரிப்புகளைத்தான். கரீபியத் தீவுகளெல்லாம் எனக்கு ஒலிபெருக்கியில் கேட்ட பெயர்கள்.

டொமினிக்கா மட்டும் அப்படியில்லை. வியாழக்கிழமைதோறும் கப்பல் அதன் தலைநகரமான ரோசோவில் நிற்கும். எனக்கு மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். படகுத்துறையில் மார்த்தா என்ற பெண் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியும் அவள்தான். பயணிகள் குறைந்த நாட்களில் எங்களைப் போன்ற கப்பல் ஊழியர்களையும் ஏற்றிக்கொள்வாள். அப்படித்தான் அந்தத் தீவை மூன்று மூன்று மணி நேரமாக, துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒரு வாரம் இரட்டை அருவி. ஒன்றுக்கு அப்பா, இன்னொன்றுக்கு அம்மா என்று பெயர். ஒரு வாரம் கரி போலக் கறுத்த மணல். ஒரு வாரம் அவர்கள் தேசியக் கொடியில் இருக்கும் கிளியைத் தேடிப் போய், அதன் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இன்னொரு வியாழனன்று பழைய கரும்புத் தோட்டம் ஒன்றைக் காட்டினாள். ஆலையின் இரும்புச் சக்கரத்தை ஒரு மரம் வேரால் இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் வரிசையாகக் கல் அடித்தளங்கள். ஆட்கள் குடியிருந்த வீடுகள் என்றாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வரிசையைச் சொல்லித்தர வேண்டுமா?

"உங்க ஆளுங்களும் கப்பல்லதான் வந்தாங்களா?" என்று கேட்டாள். அவளுடைய ஆங்கிலம் பாட்டுப் போல ஏறி இறங்கும். என் காதில் விழுந்த மாதிரி சொல்கிறேன்.

"ஆமா, கப்பல்லதான். ஒப்பந்தம் போட்டு."

"எங்க ஆளுங்களுக்கு ஒப்பந்தமெல்லாம் இல்ல. சங்கிலிதான். ஆனா நெறைய பேரு தப்பிச்சு அதோ அந்த மலைக்கு ஏறிட்டாங்க. பட்டாளத்தால அவங்களப் பிடிக்கவே முடியல." மலையைக் காட்டிய அவள் கையில் அத்தனை பெருமை. அந்த மலைக்குள்தான் கொதிக்கும் ஏரி இருந்தது. போய்த் திரும்ப ஆறு மணி நேரம் ஆகும்.

அந்தச் சுற்றுலாப் பருவத்தின் கடைசி வியாழன், முழு நாளும் ஓய்வு கிடைக்கும்படி சலவைக்கூட மேலாளர் குமார் அண்ணன் எனக்காக ஷிப்டை மாற்றிக் கொடுத்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து மெர்கோங்காரர், முகத்தில் சிரிப்பு வராது, ஆனால் மனசு பெரிசு. "அஞ்சு மணிக்குள்ள வந்துடணும் தம்பி. கப்பல் உனக்காக நிக்காது லா."

மழைக்காட்டில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். புல்லும் முளைக்காத பள்ளத்தாக்கு ஒன்று வந்தது. மஞ்சளும் சாம்பலுமாகப் பாறைகள், எங்கும் கந்தக நாற்றம். அங்கே கொதித்து ஓடிய நீரில் மார்த்தா முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். தினமும் சலவைக்கூடத்து ஆவியில் வேகிறவன், லீவு நாளில் ஆவியைத் தேடி மலையேறிப் போனேன் பாருங்கள்! கடைசி மேட்டில் ஏறியதும் அந்த ஏரி தெரிந்தது. கிண்ணம் போன்ற பெரும் பள்ளத்தில் சாம்பல் நீலத் தண்ணீர், நடுவில் குமுறிக் கொதித்தது. பூமி மூச்சு விடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. காலையில் கல் மீது கால் வைத்துத் தாண்டிய ஓடை, இடுப்பளவு சேற்றுத் தண்ணீராக ஓடியது. எனக்கு நீச்சல் தெரியாது. கப்பல்காரன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான். "நான் வரல, நீங்க போயிடுங்க" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தண்ணியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு." நடு ஓடையில் என் கால் வழுக்கியது. தண்ணீர் மூக்குவரை வந்துவிட்டது. அவள் பிடியை விடவில்லை. கரையேறியபோது என் மணிக்கட்டில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அதன்பின் ஓட்டம்தான். வேன் துறைமுகத்தில் நின்றபோது ஐந்தே கால். ஏணியை இன்னும் எடுக்கவில்லை. அதன் அடியில் குமார் அண்ணன், காவலரிடம் ஏதோ பெரிய பிரச்சினை பேசுவதுபோல நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "உன்னைய விட்டுட்டுப் போயிருந்தா உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?" மார்த்தா வேனிலிருந்து இறங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் தன் முகவரியை எழுதிக் கொடுத்தாள். ஒழுங்காக நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

மறு பருவம் கப்பல் வேறு பாதையில் போனது. பிறகு அதை உடைக்க விற்றுவிட்டார்கள். நான் ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, கடிதம் எழுதுவதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் தொலைக்காட்சியில் அந்தத் தீவைக் காட்டினார்கள். சூறாவளி அடித்து, அத்தனை மலையும் ஓர் இலைகூட இல்லாமல் பழுப்பாக நின்றது. அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பல மாதம் கழித்து, உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார்கள். முகவரிக்குக் குறுக்கே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: இந்தத் தெரு இப்போது இல்லை.